பழைய வீட்டு வராண்டாவுக்குக் கண்ணாடி போடுவதற்கு முன்

குன்னூரில் நாங்கள் இருக்கும் வீடு என் மாமனாரின் அப்பா காலத்தது. கருங்கல் அடிமானம், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரக் கூரை. முன்பக்கம் கிழக்குப் பார்த்து 18 அடி நீளமும் ஆறரை அடி அகலமுமாக ஒரு வராண்டா. அத்தைக்கு 81 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. டிசம்பர் காலையில் இந்த மாதிரி வீட்டுக்குள் இருக்கும் குளிர் வாசலில் இருப்பதை விட அதிகம். வராண்டாவில் உட்கார்ந்தால் வெயில் கிடைக்கும், ஆனால் காற்றை அவரால் தாங்க முடியாது. அதனால் 2021இல் அந்த வராண்டாவைக் கண்ணாடி போட்டு மூடினோம். இப்போது அவருடைய காலைப் பொழுது முழுவதும் அங்கேதான் கழிகிறது. மலையில் பழைய வீடு வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை ஆரம்பிக்கும் முன் எங்கள் மேஸ்திரி சொன்ன ஒரு வார்த்தை இன்றும் மனதில் இருக்கிறது: "அக்கா, இந்த வராண்டா சும்மா நிக்கலைங்க. வீட்டுக்குக் குடை புடிச்சுட்டு நிக்குது." உண்மைதான். இத்தனை வருடமாக மழையை அது தன்மேல் வாங்கிக்கொண்டது, சுவரைக் காயவிட்டது, உள்ளே இருக்கும் அறைகளுக்குக் காற்று கொடுத்தது. மூடினால் இந்த வேலைகளெல்லாம் நின்றுபோகும். ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மூட வேண்டும். கண்ணாடி கடைசியில் வருகிற சமாச்சாரம்.

முதலில் வெயிலைப் பாருங்கள். இதற்குப் பணம் வேண்டாம், ஒரு சாக்குக்கட்டி போதும். எந்த நேரத்தில் வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று மாதம் ஒருமுறை கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதி வையுங்கள். நீலகிரியில் ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை நண்பகலில் அது வடக்கே சாய்ந்திருக்கும், அப்புறம் தெற்கே. மார்கழியில் உதிப்பதே கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளித்தான். ஆகவே குளிர்காலத்து வெயில் வேண்டுமென்றால் கிழக்கும் தெற்கும்தான் நல்ல பக்கங்கள். எங்கள் ஊரில் பல நாள் மதியத்துக்கு மேல் மேகமும் மூடுபனியும் வந்துவிடுவதால் மேற்குப் பக்கத்தை நம்ப முடியாது. வடக்குப் பார்த்த வராண்டா என்றால் நான் இந்தச் செலவையே செய்திருக்க மாட்டேன்.

கோடு போட்டுப் பார்த்ததில் இன்னொரு செலவும் மிச்சமானது. கூரையையும் கண்ணாடியாக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. டிசம்பரில் காலை எட்டரைக்கு வெயில் தாழ்வாக வருவதால், ஆறரை அடி அகலத்தையும் தாண்டி உள்சுவரில் படுகிறது. மேலே திறந்து என்ன ஆகப்போகிறது? ஏப்ரல், மே மாதத்தில் உள்ளே உட்கார முடியாத வெக்கைதான் மிஞ்சும். பழைய தகரக் கூரையையே வைத்துக்கொண்டு, துருப்பிடித்த நாலு தகடுகளை மட்டும் மாற்றி, அடியில் சில்வர் ஓக் பலகை அடித்தோம். பலகைக்கு மேலே காற்று போக இரண்டு ஓரத்திலும் வலை போட்ட இடைவெளி உண்டு. கூரையில் வெளிச்சம் வேண்டும் என்றே இருந்தால் இரண்டு அடி அகலத்தில் பாலிகார்பனேட் என்கிற ஒளி புகும் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை போதும். அந்த ஷீட்டில் வெயில் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அது மேலே பார்த்து இருக்க வேண்டும். வெயிலில் நீளும் பொருள் என்பதால் திருகாணித் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொல்லுங்கள். கூரையில் கண்ணாடிதான் என்றால் இடையில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அது உடைந்தாலும் தலையில் கொட்டாது.

தண்ணீர்

இதுதான் பெரிய பாடம். கிழக்குப் பக்கம் வெயிலுக்கு நல்லது என்றேன். ஆனால் குன்னூரில் கனமழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும். அந்தக் காற்று அடிப்பதும் அதே பக்கம்தான். 2009 நவம்பரில் இந்த மலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பதை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தண்ணீருக்கு வழி விடாமல் இங்கே எதையும் கட்டக் கூடாது.

முதல் வேலை, கூரைத் தண்ணீர். வராண்டா திறந்திருந்தபோது அது ஓடை இல்லாமலே வெளியே வழிந்து ஓடியது. மூடியதும் அதே தண்ணீர் புதுச் சுவரின் காலிலேயே விழும். நீளம் முழுவதும் தகர ஓடை போட்டு, குழாய் வழியாகச் சாக்கடைக்கு இறக்கிவிடுங்கள். தோட்டத்துச் சரிவில் விடாதீர்கள், கீழே இருப்பது பக்கத்து வீட்டுத் தடுப்புச்சுவர். அந்தச் சுவரில் தண்ணீர் கசிய விட்டிருக்கும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீட்டின் பழைய முன்சுவர். வராண்டா மூடியதும் இது உள்சுவராகிவிடும். எங்கள் சுவரில் யாரோ எப்போதோ சிமென்ட் பூசி ஒட்டுப் போட்டிருந்தார்கள், அந்த இடமெல்லாம் உப்புப் பூத்து உப்பியிருந்தது. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டுக் காயும், சிமென்ட் அதை உள்ளேயே பிடித்து வைக்கும். அவற்றைக் கொத்தி எடுத்து மறுபடியும் சுண்ணாம்பே பூசினோம். ஜனவரியில் பூசி, மார்ச் கடைசி வரை அப்படியே காயவிட்டோம். இங்கே அவசரப்பட்டு மூடினால் அத்தனை ஈரமும் கண்ணாடியில் வந்து நிற்கும். தை, மாசியில் சுவர் வேலை, சித்திரையில் கண்ணாடி, ஜூன் மழைக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முன்னால் எழுப்பிய கட்டைச் சுவரின் உயரம் இரண்டே முக்கால் அடி. நாற்காலியில் உட்கார்ந்தால் தோட்டம் தெரிகிற உயரம் அது. அத்தையை உட்காரவைத்து அளந்தோம். கட்டுவதற்கு முன் வராண்டாவின் ஒரு மூலையில் இரண்டு அடி தோண்டி, கருங்கல் அடிமானம் ஓரம் வரை வருகிறதா என்று பார்த்தோம். வந்தது, அதனால் நாலரை அங்குலச் செங்கல் சுவரை அதன்மேலேயே நிறுத்த முடிந்தது. வரவில்லை என்றால் தனி அடிமானம் வேண்டும். அப்படிப் போட்டால் புதுச்சுவரைப் பழைய சுவரோடு இறுகக் கட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவில் அமரும். நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, நெகிழ்கிற பூச்சால் அடைத்தால் விரிசல் விடாது. சுவரின் மேல்பரப்பு வெளியே பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். வெளியே நீட்டியிருக்கும் விளிம்பின் அடியில் விரல் அகலத்தில் ஒரு கோடு பள்ளம் விடச் சொல்லுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவரில் ஊர்ந்து வராது.

இவ்வளவும் பார்த்துச் செய்தும் முதல் நவம்பரில் உள்ளே தண்ணீர் வந்தது. நகரும் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், தடத்தில் சேரும் மழைநீர் வெளியேற. பொருத்த வந்தவர் நல்லெண்ணத்தில் அந்தத் துளைகளையும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார். தடம் நிரம்பி, சிவப்பு ஆக்சைடு தரையில் வழிந்தது. அன்று இரவு பழைய வேட்டிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் கத்தியால் கிளறி எடுத்ததும் சரியாகிவிட்டது. உங்கள் வீட்டில் பொருத்தும்போது பக்கத்திலேயே நின்று, அந்தத் துளைகள் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

தூணும் சட்டமும்

மரத்தூண்கள்தான் கூரையைத் தாங்குகின்றன. அடிப்பாகத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். எங்கள் நாலு தூணில் ஒன்று, மூன்று அங்குலம் வரை மாவாகப் போயிருந்தது. ஆசாரி கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, கெட்ட பாகத்தை அறுத்து, கீழே ஒரு கருங்கல் துண்டு வைத்துத் தூணை நிறுத்தினார். முட்டு இல்லாமல் யாரையும் தூணைத் தொட விடாதீர்கள்.

பழைய வீட்டில் எதுவும் நேராக இருக்காது. ஒவ்வொரு இடைவெளியையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறுக்கே மூலைக்கு மூலையும் அளந்து, இருப்பதில் சிறிய அளவைக் கொடுங்கள். டஃபன்டு கண்ணாடியைச் சூடேற்றிக் கடினமாக்கிய பிறகு அறுக்க முடியாது. ஒரு கண்ணாடி 6 மில்லிமீட்டர் நீளமாக வந்து, திருப்பி அனுப்பி, பத்து நாள் அந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. சட்டத்துக்கும் மேல் உத்தரத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் விட்டு நுரை வைத்து அடைத்தோம். மழையில் மரம் இறங்கினாலும் அந்தப் பாரம் கண்ணாடிமேல் வராது.

சட்டத்துக்கு அலுமினியமா, யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கா? மலைக்கு நான் யுபிவிசி என்றே சொல்வேன். அலுமினியம் குளிரை அப்படியே உள்ளே கடத்தும், விடியற்காலையில் சட்டமெல்லாம் வியர்த்து நிற்கும். விலை கூடத்தான். எங்களுக்கு 5 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடியோடு சட்டத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துச் சொச்சம், சுவர், கூரை, மரவேலை எல்லாம் சேர்த்து மொத்தம் இரண்டே முக்கால் லட்சம் ஆனது.

காற்று

தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். வராண்டாப் பக்கம் திறக்கும் ஜன்னல்கள் எவை, அவை எந்த அறையுடையவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் குளியலறை ஜன்னல் வராண்டாவில் திறந்தது, உள்ளே கேஸ் கீசர். வராண்டாவை மூடிவிட்டு அதை ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கீசரை எடுத்துவிட்டு மின்சார ஹீட்டர் வைத்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டோம். சமையலறைப் புகைபோக்கியும் வராண்டாவுக்குள் முடியக் கூடாது, கேஸ் சிலிண்டரையும் அங்கே வைக்கக் கூடாது. கசியும் வாயு தரையோடு தேங்கி நிற்கும். குளிர் அதிகம் என்று மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கி உயிர்விட்டவர்கள் உண்டு. கண்ணாடி போட்ட வராண்டாவும் மூடிய அறைதான்.

இரண்டு ஓரத்திலும் எதிரெதிராகத் திறக்கும் ஜன்னல்கள், உத்தரத்துக்கு அடியில் எப்போதும் திறந்திருக்கும் வலை போட்ட சிறு துவாரங்கள், இவ்வளவும் வேண்டும். காலையில் கண்ணாடி வியர்த்திருந்தால் பத்து நிமிடம் இரண்டு பக்கமும் திறந்துவிடுங்கள், போய்விடும். ஈரத்துணியை அங்கே காயப்போட்டால் மட்டும் போகாது.

குரங்குக்கு நகரும் ஜன்னலைத் திறக்கத் தெரியும், உள்தாழ்ப்பாள் அவசியம். இரவில் பழம், தீனி எதுவும் அங்கே வேண்டாம், இந்தப் பக்கம் கரடி வரும்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. மலைப்பகுதியில் கட்டட விதிகள் சமவெளியை விடக் கடுமை. இருக்கிற கூரைக்கு அடியில் மூடுவதானாலும் நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மண் வெட்ட இயந்திரம் வைப்பதற்கும் இங்கே அனுமதி வேண்டும்.

கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் தோட்டத்துக் குழாயால் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் இதை அடுத்த வருடம்தான் செய்தோம். இப்போது மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் செய்கிறோம். அதற்கு முந்தின நாள், நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டு, ஈர்க்குச்சியால் அந்தச் சின்னத் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்வது அத்தையின் வேலை. வேறு யாரையும் அவர் செய்ய விடுவதில்லை.