பீரோவில் வைத்த கேமரா லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க

மழையில் நனைந்து போன லென்ஸை விட, பீரோவில் பத்திரமாக இருந்தே பாழான லென்ஸ்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் 50 எம்எம் லென்ஸும் அப்படிப் போனதுதான். ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தோல் உறைக்குள் கிடந்தது. தை பிறந்ததும் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே நூலாம்படை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை!

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் இது வரும். சென்னை மழைக்காலத்தில் 80 எல்லாம் சர்வசாதாரணம். சரி, ஒரு டப்பா தயார் செய்வோம்.

முதலில், மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கமும் கிளிப்பும் உள்ள 5 லிட்டர் டப்பா. உள்ளே ஒரு டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, குழாயடியில் ஒரு நிமிடம் காட்டுங்கள். தாள் நனையவில்லை என்றால் டப்பா தேறிவிட்டது.

அடுத்து, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம். நீலத்தில் கோபால்ட் இருக்கும், அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். துணிப்பையில் முடிந்து உள்ளே வையுங்கள். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில், சிறு தீயில், நிறம் திரும்பும் வரை வறுத்தால் மறுபடி உதவும். சிலர் அரிசி போடுவார்கள். வேண்டாம், தவிட்டுத் தூள் லென்ஸில் ஏறும்.

கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40 முதல் 50க்குள் காட்டினால் நிம்மதி.

உள்ளே வைக்கும் முன் தூசி தட்ட வேண்டும். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி. தூசியோடு தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும். மழையில் நனைந்து வந்ததா? துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்திய பிறகே டப்பா.

ஏசி அறையிலிருந்து வெளியே கிளம்பும்போது பையை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் பனி படரும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தோல் உறையை மட்டும் டப்பாவுக்குள் விடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். என்னுடையதில் இப்போது சில்லறைக் காசு கிடக்கிறது.