சாப்பாட்டுக்கடைக் கழிவைக் குறைப்பது எப்படி? வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

ஏ9 வீதியோரத்தில், ஒட்டுசுட்டான் சந்தியில், புதுக்குடியிருப்புச் சந்தைப் பக்கத்தில் என்று எங்கே சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாலும் இந்தச் செய்முறை உங்களுக்கு உதவும். வீட்டில் இருந்தபடி இடியப்பம், மதியச் சாப்பாடு செய்து கொடுக்கும் பெண்களுக்கும் இதுவே போதும். பெரிய முதல் தேவையில்லை. ஒரு தராசு, ஒரு கொப்பி, நாலு வாளி, ஒரு பழைய நீலப் பரல், கொஞ்சம் பிவிசி குழாய் இருந்தால் தொடங்கலாம்.

இதை நான் அவசரமான வேலையாகப் பார்ப்பதற்குக் காரணம் தண்ணீர். எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். வயலுக்குப் பாய்வது குளத்துத் தண்ணீர். கனகராயன் ஆறு வவுனியா வடக்குப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் கடனீரேரியில் கொண்டுபோய் விடுகிறது. வழியில் உள்ள கடைகளின் கானில் கோடை முழுக்கக் கிடந்து காயும் ஊத்தை, ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் அந்த ஆற்றையும் குளத்தையும் நோக்கித்தான் நகரும். பொலித்தீன் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கோப்பை கழுவி வெளியே விடுகிற எண்ணெய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் பார்வையில் ஒரு சாப்பாட்டுக்கடை முதலில் திருத்த வேண்டியது அதைத்தான். ஆகவே படி 4ஐ ஆறுதலாக வாசியுங்கள்.

படி 1: ஒரு கிழமை நிறுத்துப் பாருங்கள்

உணவுக் கழிவை மூன்று வாளிகளாகப் பிரியுங்கள். ஒன்றில் சமைக்க முன் விழும் தோல், காம்பு, மீன் செதிள். இன்னொன்றில் சமைத்து விற்காமல் மிஞ்சியது. மூன்றாவதில் ஆட்கள் கோப்பையில் விட்டுப் போனது. பொலித்தீன், கடதாசி, போத்தல் எல்லாம் நாலாவது வாளிக்கு. இரவு கடை பூட்ட முன் ஒவ்வொன்றையும் தொங்குதராசில் கொழுவி நிறுத்து, கொப்பியில் திகதியும் நிறையும் அன்று விற்ற சாப்பாட்டின் எண்ணிக்கையும் எழுதுங்கள்.

ஏழு நாளும் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, சந்தை நாளில் கூட்டம், ஞாயிறில் ஆள் குறைவு என்று எங்கள் கிழமை ஒரே மாதிரிப் போவதில்லை. இரண்டு நாள் கணக்கை வைத்து முடிவெடுத்தால் பிழைக்கும்.

மூன்றையும் ஏன் தனித்தனியே நிறுக்கச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சமைத்தது மிஞ்சினால் உலையில் போடும் அளவு பிழை. கோப்பையில் மிஞ்சினால் பரிமாறும் அளவு பிழை. தோலும் செதிளும் தவிர்க்க முடியாதவை. அவை பசளைக்குப் போக வேண்டியவை.

படி 2: உண்டாகும் முன்பே நிறுத்துங்கள்

கழிவை அகற்றுவதிலும் பார்க்க அது உண்டாகாமல் பார்ப்பது மலிவு. சோற்றை ஒரே தரத்தில் வடிக்காமல் இரண்டு தரமாக வடியுங்கள். முதல் பானை பதினொன்றரைக்குத் தயாராகட்டும். இரண்டாவதை ஒரு மணியளவில் ஆட்களைப் பார்த்துப் போடலாம். கோப்பையில் முதலே மலைபோலக் குவிக்காமல், "பிறகு போடுவம், வேணுமெண்டாக் கேளுங்கோ" என்று சொல்லிப் பரிமாறுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள், கேட்கும்போது மனம் சுளிக்காமல் போட்டால் சரி.

மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைப்பது எங்கள் வழக்கம். கொஞ்சமாக, வைக்கோலோடு கலந்து வையுங்கள். ஒரே நேரத்தில் வாளிக் கணக்கில் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் புளிப்பு ஏறி, படுத்த படுக்கையாகிச் சாகவும் கூடும். பொலித்தீன் துண்டு ஒன்றும் அதில் இருக்கக் கூடாது. கட்டாக்காலி மாடுகள் சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற்றைத் தின்பதே அதில் ஒட்டியிருக்கும் சோற்று வாசத்துக்காகத்தான்.

பார்சல் கட்டுவதைப் பற்றி ஒன்று. பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் (நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியும் 2017 செப்ரெம்பரிலேயே தடை செய்யப்பட்டவை. 2023 ஒக்ரோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கோப்பை, கப், கரண்டி, உறிஞ்சி, இடியப்பத் தட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. எங்களுக்கு வாழையிலை இருக்கிறது, குளங்களில் தாமரை இலை இருக்கிறது. வாழையிலையை நெருப்பணலில் மெதுவாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. வழமையாக எடுக்கும் ஆட்களைச் சாப்பாட்டுப் பெட்டியோடு வரச் சொல்லுங்கள். பெட்டி கொண்டுவந்தால் பத்து ரூபா குறைத்துப் பாருங்கள், பலர் மாறுவார்கள்.

படி 3: விழும் இடத்திலேயே பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் பின்னேரம் பிரிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மீன்குழம்பில் தோய்ந்த கடதாசியை எந்தப் பழைய சாமான் வாங்குபவரும் எடுக்கமாட்டார். மரக்கறி வெட்டும் மேசைக்குக் கீழே ஒரு வாளி, கோப்பை கழுவும் இடத்தில் ஒன்று, காசு வாங்கும் மேசையருகே ஒன்று என்று, கை எங்கே போடுமோ அங்கே வாளி இருக்கட்டும்.

இலங்கையில் பயன்படும் நிற ஒழுங்கு இது: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். புது வாளி வாங்க வேண்டாம், பழைய வாளியில் அந்த நிறத்தில் ஒரு கோடு போட்டால் போதும். பச்சை வாளிக்கு மட்டும் இறுக்கமான மூடி வேண்டும். குரங்கு, காகம், நாய் மூன்றையும் அது தாங்க வேண்டும்.

படி 4: கழுவுநீரைப் பிடியுங்கள்

கோப்பை, சட்டி கழுவிய தண்ணீரில் எண்ணெய், சோற்றுப் பருக்கை, சவர்க்காரம் மூன்றும் இருக்கின்றன. எண்ணெய் கானின் அடியில் படிந்து மண்ணின் துளைகளை அடைக்கிறது. பருக்கை புளித்து நாறுகிறது. தேங்கிய இடத்தில் நுளம்பு பெருகுகிறது. இந்தத் தண்ணீர் குளத்தில் சேர்ந்தால் அது அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசன் குறையும், மீன் செத்து மிதக்கும்.

முதல் வேலை உலர்ந்த கையால் நடக்கட்டும். கோப்பையில் தண்ணீர் படும் முன் மிச்சத்தை வழித்து வாளியில் போடுங்கள். எண்ணெய்ச் சட்டியை உமியால் அல்லது பழைய கடதாசியால் துடைத்த பிறகு கழுவுங்கள். இதைச் செய்தாலே தண்ணீரில் போகும் ஊத்தையில் பெரும்பங்கு நின்றுவிடும், தண்ணீரும் சவர்க்காரமும் மிஞ்சும்.

பொரித்த எண்ணெயைக் கானிலோ மண்ணிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஆறவிட்டு, வடித்து, போத்தலில் சேர்த்து வையுங்கள். உமியில் ஊறவைத்தால் விறகடுப்பு மூட்ட நல்லாக உதவும். திரும்பத் திரும்பப் பொரித்துக் கறுத்த எண்ணெயைச் சமையலுக்கு எடுப்பது உடம்புக்கும் கேடு.

இனிக் கொழுப்புப் பொறி. கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுவில் உள்ள தண்ணீரே ஓரளவு தெளிவானது. அந்த நடுத்தண்ணீரை மட்டும் வெளியே விடுவதுதான் இதன் வேலை.

கூட்டமான நேரத்தில் அரை மணித்தியாலத்தில் எத்தனை லீற்றர் தண்ணீர் கழுவுமிடத்தால் போகிறது என்று வாளியால் அளந்து பாருங்கள். அந்த அளவாவது பரல் கொள்ள வேண்டும். சின்னக் கடைகளுக்கு 200 லீற்றர் நீலப் பரல் தாராளம். பரலின் மேற்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, உள்வரும் குழாய்க்குத் துளை போடுங்கள். குழாயின் முனையில் ஒரு எல்போ (வளைந்த மூட்டு) மாட்டி வாயைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், தண்ணீர் சிதறி விழாமல் அமைதியாக இறங்கும். எதிர்ப்பக்கத்தில், அதிலும் இரண்டு விரற்கடை பதிவாக, வெளிக்குழாய்க்குத் துளை. அதன் உட்பக்கத்தில் ஒரு 'ரீ' (T வடிவ மூட்டு) மாட்டுங்கள், அதன் இரண்டு கால்கள் மேலும் கீழும் இருக்கட்டும். 'ரீ'யின் கீழ்க்காலுக்குக் குழாய் சேர்த்து, பரலின் அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறக்குங்கள். மேல்வாயைத் திறந்தபடியே விடுங்கள், அடைத்தால் குத்தி எடுக்க உதவும். உள்வரும் குழாய்க்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கூடை வையுங்கள். பரலுக்கு மூடி கட்டாயம். மழைத்தண்ணீர் உள்ளே போனால் சேர்ந்த கொழுப்பெல்லாம் ஒரே அடியாக வெளியே தள்ளப்படும்.

கூடையைத் தினமும் கொட்டுங்கள். கிழமைக்கு ஒருக்கால் மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் வழியுங்கள். மேற்கொழுப்பும் அடிமண்டியும் சேர்ந்து பரலின் ஆழத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் பொறி வேலை செய்யாது, முழுதாகத் துப்புரவாக்க வேண்டும். கொதிநீர் ஊற்றிக் கழுவுவது குறுக்குவழி போலத் தெரியும், ஆனால் கொழுப்பு உருகி வெளிக்குழாயில் போய் உறைந்துவிடும். வழித்த கொழுப்பை நிறைய உமியோடு பிசைந்து, பசளைக் குவியலின் (படி 5) நடுவில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

வெளிவரும் தண்ணீரை வாழைப்பாத்திக்கு விடுங்கள். முழங்கால் ஆழத்தில் வட்டக் குழி, உள்ளே கல்லும் தென்னை மட்டையும், சுற்றிவர வாழை. கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, பள்ளப் பக்கமாக இருக்கட்டும். முல்லைத்தீவுக் கரைபோல மணல் நிலமென்றால் 100 அடி தள்ளுங்கள், மணலில் தண்ணீர் வடிகட்டப்படாமல் விரைவாக இறங்கும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வருவதால் குழியை ஆழமாக்க வேண்டாம். மலசலகூடக் குழாயை இதோடு சேர்க்கவே கூடாது.

குழி தோண்டும் முன் ஒரு முக்கியமான விடயம். போர்க்காலத்து வெடிபொருள் இன்னும் மண்ணில் கிடக்கலாம். பயிர் செய்யாமல் கிடந்த நிலம், பழைய பதுங்குகுழி இருந்த நிலம், பற்றைக்காட்டு ஓரம் ஆகியவற்றில் யோசித்துத் தோண்டுங்கள். சந்தேகமான பொருள் ஒன்று மண்ணில் தெரிந்தால் தொடவேண்டாம், நகர்த்த வேண்டாம், இடத்தை அடையாளப்படுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள். குப்பைக்கு நெருப்பு வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் எங்கள் மண்ணில் இது கூடுதல் காரணம். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கும். பிளாஸ்ரிக் எரிக்கும் புகையின் நஞ்சு வேறு, வெளியில் குப்பை எரிப்பது சட்டப்படியும் தடை.

படி 5: உக்குவதைப் பசளையாக்குங்கள்

குழிப்பசளை மாரியில் குளமாகிவிடும். ஆகவே நிலத்துக்கு மேலே, ஒரு மீற்றர் அகலம், நீளம், உயரத்தில் கம்பிவலைக் கூடு அடியுங்கள். அதைவிடச் சிறிதென்றால் உள்ளே சூடு பிடிக்காது. அடியில் தடிகளைப் பரப்பி, மூன்று பங்கு காய்ந்ததுக்கு ஒரு பங்கு ஈரமானது என்று அடுக்குங்கள். காய்ந்தது வைக்கோல், சருகு, உமி. ஈரமானது மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, கிளிசரியா இலை. ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே சாணகக் கரைசல் தெளியுங்கள். மீன் கழிவை நடுவில் ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள், மேலே கிடந்தால் நாய் இழுக்கும்.

கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வர வேண்டும். ஒழுகினால் வைக்கோல் சேர்க்கவும், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கவும். இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் செருகிச் சிறிது நேரத்தால் இழுத்துப் பிடித்தால் கை சுட வேண்டும். சூடு 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நின்றால் களை விதையும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் சாகும். பத்து நாளைக்கு ஒருக்கால் புரட்டுங்கள். மாரியில் மேலே கிடுகு போடுங்கள். மூன்று மாதமளவில் மண்வாசத்தோடு கறுத்த பசளை வரும்.

காட்டோரக் கடைகளுக்கு ஓர் எச்சரிக்கை. பழத்தோலின் வாசம் யானையையும் பன்றியையும் இழுக்கும். அங்கே கூட்டை வீட்டுப் பக்கமாக வைத்து, பழத்தோலை உடனே மூடுங்கள்.

படி 6: வரிசையாகச் சேருங்கள்

போத்தல், பேணி, கடதாசியை ஒரு கடை தனியே விற்றால் ஓட்டோக் கூலிக்கும் காணாது. முறிகண்டியில் கச்சான் கடைகள் இருப்பதுபோல வரிசையாக இருக்கும் கடைகள் சேர்ந்து, மாதத்தில் ஒரு நாளை முடிவுசெய்து, வாங்குபவரை ஒரே இடத்துக்கு வரவழைக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கும் ஊரில் அவர்கள் கணக்கைப் பார்த்தால் இன்னும் நல்லது. பிரதேச சபையோடு பேசி எடுக்கும் நாளைக் கேளுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருமுறை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். சேர்த்து வைக்கும் பேணி, தயிர்க் கப், சிரட்டையைக் கவிழ்த்துக் கூரைக்குக் கீழே வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒன்றரைக் கிழமைகூடத் தேவையில்லை. பழைய இரும்பு கொண்டுவருவோரிடம், என்னவென்று தெரியாத உலோகத்தை ஒருபோதும் வாங்காதீர்கள்.

பக்கத்தில் நெல் ஆலை இருந்தால் உமிக்குச் சொல்லி வையுங்கள். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொன்று உமிதான். நெல் அவிக்கும் ஆலைகளின் ஊறல் தண்ணீர் உங்கள் கழுவுநீரைவிடப் பன்மடங்கு அதிகம், அவர்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவை. அந்தக் கதைக்குத் தனிப் பதிவு வேண்டும்.

கோயில் திருவிழாக்காலத்தையும் மறக்க வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவோர், எவர்சில்வர் குவளையும் கழுவ இரண்டு பெரிய வாளியும் இரண்டு இளைஞர்களும் ஒழுங்கு செய்தால், ஆயிரக்கணக்கான கப் வீதியில் விழாது.

படி 7: திரும்ப நிறுங்கள்

ஒரு மாதம் கழித்து அதே ஏழு நாள், அதே தராசு, அதே வாளிகள். மொத்த நிறையை ஒப்பிட வேண்டாம், வியாபாரம் கூடினால் கழிவும் கூடத்தான் செய்யும். 100 சாப்பாட்டுக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் பாருங்கள். 140 சாப்பாடு விற்ற நாளில் 21 கிலோ என்றால், 100க்கு 15 கிலோ. இந்த எண் குறையாத வாளி எது என்று பார்த்து, அடுத்த மாதம் அதில் மட்டும் கை வையுங்கள். கொப்பியின் பின்பக்கத்தில் பொறி வழித்த திகதி, பசளை புரட்டிய திகதி, கொடுத்த போத்தலுக்கு வந்த காசு மூன்றையும் எழுதி வாருங்கள். புரட்டாதி கடைசியில், மழைக்கு முன்னால், பரலை முழுதாகத் துப்புரவாக்கிக் கானையும் ஒருக்கால் வாரிவிடுங்கள்.