பிராசஸர் கொதிக்கிறதா? முதலில் ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள்

ஆடிப் பதினெட்டுக்கு சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம், அதாவது டிசைன்களின் மாதிரிப் புத்தகம், வெளியே வந்தாக வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மாதம் எங்களைப் போல டிசைன் போடுகிறவர்களுக்குத் தூக்கமே கிடையாது. போன வருஷம் அந்த நேரம் பார்த்து என் கணினி மக்கர் பண்ணியது. பெரிய சைஸ் முருகன் படத்தை எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் ஆமை வேகம், அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். சர்வீஸுக்கு வந்த தம்பி பெட்டியைத் திறக்காமலே, "பிராசஸர் போச்சுக்கா, மாத்திருவோம்" என்றார்.

பிராசஸர் அவ்வளவு லேசில் போகிற சாமான் இல்லை. என்னுடையது கோர் ஐ5-9400. அதன் எல்லை 100 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் கணினியை அணைத்துவிடும். ஆகவே ஆமை வேகம் என்பது அது செத்துப்போன அறிகுறி இல்லை, பிழைத்துக்கொள்ளப் பார்க்கிற அறிகுறி.

கோர் டெம்ப், எச்டபிள்யூமானிட்டர் இரண்டும் இலவசம். ஏதாவது ஒன்றைப் போட்டு, சும்மா இருக்கும்போது எவ்வளவு, வேலை கொடுத்தால் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். சும்மா இருக்கையில் 35 முதல் 45, கடும் வேலையில் 70, 80 என்றால் கவலை வேண்டாம். 90 தாண்டினால் பெட்டியைத் திறக்கலாம். சூடு 60, 65லேயே இருந்து கணினி அணைகிறது என்றால் பிராசஸரை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்), யூபிஎஸ் பக்கம் போங்கள். ஒன்றுமே செய்யாதபோதும் சூடு அதிகமா? டாஸ்க் மேனேஜரில் எந்த புரோகிராம் பிராசஸரைத் தின்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எண்ணைவிட, அது எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். எனக்கு சும்மா இருக்கையில் 58. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி இரண்டு விநாடியில் 97. நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்கியது. ஹீட்சிங்க் என்பது பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்கிற கனமான அலுமினியக் கட்டி. சூட்டை அது வாங்கிக்கொண்டிருந்தால் இப்படி எகிறாது, மெதுவாகத்தான் ஏறும்.

பக்கத்து மூடியைக் கழற்றி, கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஹீட்சிங்க் ஓரத்தைப் புறவிரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். (வளையலைக் கழற்றிவிடுங்கள், துப்பட்டாவைச் செருகிக்கொள்ளுங்கள், விரல் ஃபேனுக்குள் போகக் கூடாது. சில சமயம் நன்றாகவே சுடும்.) திரையில் 97, விரலுக்கோ வெதுவெதுப்புக்கூட இல்லை. அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தும் தோசைக்கல் சுடவில்லை என்றால், கல் அடுப்பில் சரியாக உட்காரவில்லை என்றுதானே அர்த்தம்?

உட்காரத்தான் இல்லை. ஹீட்சிங்க்கும் அதன் மேலுள்ள ஃபேனும் சேர்ந்ததுதான் கூலர். பிராசஸரோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். அதில் ஒன்று மதர்போர்டை விட்டு மேலே வந்திருந்தது. இரண்டு மாதம் முன்பு கடை மாற்றியபோது பெட்டியை டிவிஎஸ் எக்ஸெல்லில் படுக்கவைத்துக் கொண்டுவந்தது நான்தான். யாரைக் குறை சொல்ல?

கழற்றும் முன் கணினியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பழைய பேஸ்ட் (பிராசஸர் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவே தடவுகிற பசை) இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் வயரை எடுங்கள். கால்களின் தலையிலுள்ள நான்கு குமிழ்களையும் அவற்றின் மேலுள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். கூலரை அப்படியே தூக்காமல் இடம் வலமாக லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஏஎம்4 வகை ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்: வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து வந்து, அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. ஆஃப்செட் பிரஸ் பக்கத்தில் இருந்தால் கடைக்கு அலைய வேண்டாம், தண்ணீரில் கலக்க அங்கே வைத்திருப்பார்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு கொத்தமல்லி விதை அளவு போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். நிறைய அப்பினால் குளிரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

மாட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதலில் நான்கு குமிழ்களையும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். அதன் பிறகு மூலைக்கு மூலை எதிரெதிராக, நேர் கீழாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று விழ வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாமல் மதர்போர்டின் பின்பக்கம் நான்கு கால்களின் நுனியும் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். என் பெட்டியில் பின்பக்கம் பார்க்க வழியில்லை என்பதால் மதர்போர்டையே வெளியே எடுத்து மாட்டினேன். ஃபேன் வயரை மறக்காமல் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்திலேயே செருகுங்கள்.

இப்போது தொட்டால் ஹீட்சிங்க் சுட்டது. எனக்கு அதுவே பாதி நிம்மதி. ஆனால் பத்து நிமிஷ வேலையில் சூடு மெல்ல மெல்ல 86 வரை போனது. எகிறினால் ஒட்டுதலில் கோளாறு, இப்படி ஊர்ந்து ஏறினால் காற்றில் கோளாறு.

பக்கத்து மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தேன். 9 டிகிரி குறைந்தது. சந்தேகமே இல்லை. முன்பக்கக் காற்றுவழி முழுக்க வெள்ளைப் பொடி. அச்சடித்த தாள்களில் மை ஒட்டாமல் இருக்க மெஷினில் ஸ்ப்ரே பவுடர் அடிப்பார்களே, அது. ஸ்டார்ச் பொடி, எங்கும் பறக்கும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரிந்தது, அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசியோடு சேர்ந்து பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் ஃபேன் கெட்டுவிடும். பின்பக்க ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று ஒரு தாளை வைத்துப் பார்த்துக்கொண்டேன். மேஜை அறைக்குள் சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்து, பிரஸ் கதவுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினேன்.

கடைசியில் சும்மா இருக்கையில் 41, எக்ஸ்போர்ட்டில் 73. அன்று அறையில் 34 டிகிரி. சித்திரையில் அறை நான்கு டிகிரி ஏறினால் இந்த எண்களும் ஏறக்குறைய நான்கு ஏறும், அதற்காக மறுபடி பேஸ்ட்டைத் தேட வேண்டாம்.

கூலரைக் கழற்ற நேரமே இல்லை, நாளைக்கே ஆல்பம் போக வேண்டும் என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான இன்டெல் கணினிகளில் டர்போ, அதாவது வேலை வரும்போது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். என்னுடையது 2.9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல், கூலர் கழற்றுகிற வரைக்கும் அப்படித்தான் இரண்டு நாள் ஓடியது. ஆல்பத்தின் கடைசி ஆறு பக்கங்கள் அந்த வேகத்தில் முடித்தவைதான்.