சாயங்காலமானா "வீட்டுக்கு போகணும்"னு கிளம்புற பாட்டிய எப்படி பாத்துக்கறது

எங்க பாட்டிக்கு டிமென்ஷியா, அதாவது ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிடற மறதி வியாதி, சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா முந்தானைய இழுத்து சொருகிட்டு "எங்க வீட்டுக்கு போறேன், அம்மா தேடுவா"ன்னு வாசலுக்கு வந்துடுவாங்க. அப்போ "உங்க அம்மா செத்து நாப்பது வருஷம் ஆச்சு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவங்களுக்கு அது அந்த நிமிஷம் வர்ற சாவு சேதி.

"சரி பாட்டி, காபி குடிச்சிட்டு போலாம்"னு கைய புடிச்சிட்டு கூடவே நடங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தா பல நாள் அடங்கிடும். நாங்க மல்லிப்பூவும் நாரும் கையில குடுப்போம், எங்க பேரெல்லாம் மறந்துடுச்சு, ஆனா அந்த விரலுக்கு பூ கட்டுறது மறக்கல.

இருட்டுறதுக்கு முன்னாடியே லைட் போட்டுடுங்க, நிழல பாத்து பயப்படுவாங்க. தனியா உள்ள விட்டு பூட்டிட்டு போகவே கூடாது.

ஒண்ணு ரெண்டு நாள்லயே குழப்பம் திடீர்னு ஜாஸ்தியானா வியாதி முத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், தண்ணி கம்மியா குடிச்சது, புது மாத்திரை எதுவேணா காரணமா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

பாத்துக்கறவங்களும் தூங்கணும், ராத்திரிக்கு வீட்ல ஆள் மாத்தி மாத்தி இருங்க. யார கேக்கறதுன்னு தெரியலன்னா முதியோர் உதவி எண் 14567க்கு போன் போடுங்க, காசு கிடையாது.