வந்தியத்தேவன் என்ன செய்வான்?

போன வருஷம் மாட்டுத்தாவணிப் பக்கம் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையை மூடினேன். அதிலிருந்து ராத்திரி 2 மணிக்கு முழிப்புத் தட்டும், நெஞ்சு படபடக்கும்.

பெரியாஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரையை விடவில்லை. பயம் வரும்போது வெளியாளைக் கேட்பதுபோல் உன்னையே பேர் சொல்லிக் கேள் என்றார் ஆலோசகர். என் பேரைவிட வந்தியத்தேவன் பேர்தான் வாயில் வந்தது, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கூட வருபவன். கல்கி அவனை அசகாயசூரனாகப் படைக்கவில்லை. அவசரப்படுவான், அகப்படுவான், தஞ்சைப் பாதாளச் சிறையில்கூடக் கிடப்பான். ஆனாலும் அடுத்த அடியைத்தான் யோசிப்பான். அந்தக் குணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

தலைமாட்டில் ஒரு நோட்டு. 'வந்தியத்தேவன் இப்போ என்ன செய்வான்?' ஒரே ஒரு பதில் மட்டும் எழுதுவேன். முதல் ராத்திரி: 'தண்ணி குடிச்சிட்டு மொட்டை மாடியில் நடப்பான்.' நாலாம் நாள்: 'கடன் கொடுத்தவருக்கு அவனே போன் போடுவான்.' போட்டேன். மூணு மாசம் தவணை கொடுத்தார் அண்ணாச்சி.

இது வெறும் கற்பனை விளையாட்டு இல்லை. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்களைப் பேட்மேனாக நினைத்துக்கொண்ட 4, 6 வயதுக் குழந்தைகள் சலிப்பான வேலையில் கூடுதல் நேரம் நின்றார்கள்.

நோட்டும் கைகொடுக்காத ராத்திரிகளில் 14416-க்குக் கூப்பிட்டேன். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். இப்போது வாரத்தில் ஐந்து நாள் விடியும்வரை தூங்குகிறேன்.