தயங்குபுள்ளி: சொல் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கைபேசித் திரையில் மூன்று புள்ளிகள் அசைகின்றன. எதிர்முனையில் யாரோ எழுதுகிறார். புள்ளிகள் நிற்கின்றன, மறுபடி அசைகின்றன, பிறகு காணாமல் போகின்றன. செய்தி வரவே இல்லை. இந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் வைக்க உட்கார்ந்தபோது நான் முதலில் எழுதியது, ‘தட்டச்சு இடைநிறுத்த ஏமாற்றம்’. அரசாணையில் ஏறும், வாயில் ஏறாது.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்: விளக்கத்தையே பெயராக்கிவிடுவது. பெயர் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புள்ளிகளிடம் என்னை வதைப்பது அவற்றின் தயக்கம். ஆகவே ‘தயங்குபுள்ளி’. தயங்கிய, தயங்குகின்ற, தயங்கும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. ‘ஏவுகணை’ பிறந்த அதே வழி. தயங்குதலுக்கு அசைதல், ஒளிர்தல் என்ற பழைய பொருள்களும் உண்டு என்பது அகராதியைப் புரட்டியபோது கிடைத்த கொசுறு. தயவுசெய்து ‘தயங்குப்புள்ளி’ என்று எழுதிவிடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

அடுத்தது, ஆங்கிலத்தின் வெட்டி ஒட்டும் வித்தையை அப்படியே இங்கே காட்டுவது. எதிரில் இருப்பவரைக் கண்டுகொள்ளாமல் ஃபோனை நோண்டுவதற்கு 2012இல் ஆஸ்திரேலியாவில் ‘ஃபப்பிங்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள்; ஃபோன், ஸ்னப்பிங் (அலட்சியப்படுத்துவது) இரண்டையும் நறுக்கிச் சேர்த்தது. நானும் பேசியையும் அலட்சியத்தையும் சேர்த்துப் பார்த்தேன். ‘பேசியலட்சியம்’ என்று வந்தது. கேட்டவர்கள் யாரோ மேடையில் பேசிய லட்சியம் என்று நினைத்தார்கள். சொற்கள் சேரும் புணர்ச்சி இப்படித்தான் காலை வாரும். எழுதியதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது.

வேற்றுமை உருபு ஏற்காத சொல்லும் நிற்காது. ‘தயங்குபுள்ளியைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் பிழைக்கும். ஆளைத் திட்டும் பெயர்களும் வேண்டாம். இரண்டு நாளில் அவை வெறும் வசையாகிவிடும்.

ஏற்கெனவே புழங்கும் சொல்லின் சாயலை மறப்பது இன்னொரு தவறு. ‘மின்னஞ்சல்’ சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு ‘அஞ்சல்’ நமக்குப் பழகியிருந்ததும் ஒரு காரணம். என் நண்பர் ஒருவர் ஒரே வாக்கியத்தை ஐந்தாக உடைத்து அனுப்புவார். ‘அண்ணே’. டிங். ‘ஒன்று கேட்கலாமா’. டிங். ‘நாளைக்கு’. டிங். ‘நீங்கள்’. டிங். கடைசியில், ‘சரி, நேரில் சொல்கிறேன்’. இதற்குச் ‘சொட்டுமடல்’ என்று பெயர் வைத்தேன். சொட்டுநீரும் சொட்டு மருந்தும் காதில் இருப்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்ற வீம்பு எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. அனுப்பிய செய்தியை நாம் படிப்பதற்குள் அழித்துவிடுகிறார்களே, ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரியை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு நான் ஒரு வாரம் சொல் தேடினேன். ‘அழிமடல்’, ‘மறைசுவடு’ என்று நோட்டில் பக்கம் நிரம்பியது. ஒரு மாலை என் தங்கை தன் ஃபோனைப் பார்த்து அலுத்துக்கொண்டாள்: “மறுபடியும் விழுங்கிவிட்டாள்.” எனக்கு உடனே புரிந்தது. நோட்டை மூடிவிட்டேன்.