ஆணி அடிக்க முடியாத வீட்டுக்கு ஒரு பழைய புடவை போதும்

முன்பணம் வாங்கும்போதே “சுவரில் ஆணி அடிக்கக் கூடாது” என்று சொல்லிவிடுகிற வீட்டுக்காரர்களிடம்தான் நம்மில் பலர் குடியிருக்கிறோம். அப்படிப்பட்ட வீட்டை எப்படி அழகாக்குவது என்று என்னிடம் தைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தைத் துணியிலும் வெளிச்சத்திலும் போடுங்கள் என்பேன். ஷோகேஸ் பொம்மைகள் தூசி துடைக்கும் வேலையைத்தான் கூட்டும்.

முதலில் பீரோவின் மேல் ஏற்றிவைத்த அட்டைப்பெட்டிகளையும் போன வருஷத்துக் காலண்டரையும் இறக்குங்கள். பாதி அழகு அதிலேயே வந்துவிடும்.

அடுத்து வாசல் திரை. நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்திப் புடவையாக எடுங்கள்; சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். பட்டு வேண்டாம், வெயில் பட்டால் இற்றுப்போகும். ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் விழும் இடத்திலும் கால் இழுபடும் ஓரத்திலும்தான் இழை நைந்திருக்கும். லேசாக நைந்த பகுதி திரையின் கீழ்ப்பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்தால் கனம் தாங்காமல் கிழியும்.

புடவை 5.5 மீட்டர் இருக்கும். ஏழடி வாசலுக்கு 2.3 மீட்டரில் இரண்டு துண்டுகள். மேலே கம்பி நுழைய 10 சென்டிமீட்டர் மடிப்பு, கீழே 7 சென்டிமீட்டர். பக்கங்களில் புடவைக் கரையே ஓடுவதால் அங்கே தைக்க ஒன்றுமில்லை. மூன்றடி அகல வாசலுக்கு இரண்டு துண்டுகளையுமே போடுங்கள். சிக்கனம் என்று ஒன்றை மட்டும் மாட்டினால் மடிப்பு விழாது, போர்வை காயப்போட்டது போலத் தெரியும். மிச்சம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். முந்தானையை அந்த மிச்சத்தில் வரும்படி வெட்டினால் இரண்டு சின்னத் திண்டுகளுக்கு உறை ஆகும். கம்பிக்கும் ஆணி தேவையில்லை. ஸ்பிரிங் வைத்து, நிலையின் இரு பக்கத்துக்கும் நடுவே முறுக்கி இறுக்கும் கம்பி கடைகளில் கிடைக்கிறது.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு எல்இடி பல்பு வாங்குங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். 6500 என்றால் டியூப்லைட் போன்ற அதே வெள்ளை. இந்த மஞ்சள் பல்பை உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வரும் மேசை விளக்கில் போடுங்கள். அரிசி பொறுக்கவும் பிள்ளைகள் படிக்கவும் டியூப்லைட் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

தரைக்குக் கம்பளம் தேட வேண்டாம். விருந்தாளி வரும்வரை சுருட்டியே வைத்திருக்கும் பவானி ஜமுக்காளத்தை எடுத்து விரியுங்கள். அந்தக் கோடுகளுக்கு ஈடான கம்பளம் இந்த விலையில் நான் பார்த்ததில்லை.

பச்சைக்கு, பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் கொடி. தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட்டு, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். அதற்குச் சோம்பல்படுகிறவர்கள் மண்தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.